ஒரு பழைய படகும் ஐந்து கருவிகளும்

தொல்காப்பிய உரியியல் ‘கருவி’ என்னும் சொல்லுக்குத் தொகுதி என்று பொருள் கூறுகிறது. பழம்பாடல்களில் மேகத்துக்கு அடையாக இச்சொல் வருமிடங்களில், இடியும் மின்னலும் மழையும் சேர்ந்த தொகுதி என்று உரையாசிரியர்கள் விரித்துரைப்பர். ஆண்டுதோறும் இதை மாணவர்களுக்கு நடத்துகிறோம். ஆனால் இன்றைய வழக்கில் கருவி என்றால் ஒரு வேலையைச் செய்யும் ஒரு தனிப்பொருள்தான் நம் மனத்தில் தோன்றுகிறது. 2023 ஆம் ஆண்டுக் கோடை விடுமுறையில், ஒரு பழைய பாய்மரப் படகுக்குக் கருவிகள் வாங்கும் ஆலோசனையில் நாங்கள் உட்கார நேர்ந்தபோது, இவ்விரு பொருள்களில் எதைத் தேர்ந்துகொள்வது என்பதே கேள்வியாக அமைந்தது.

எங்கள் தம்பி இங்கிலாந்தின் தென்கரையில் உள்ள பூல் நகரில் மருத்துவமனைப் பணியில் இருக்கிறான். அங்கே சென்ற சில ஆண்டுகளில் அவனுக்குப் பாய்மரப் படகின்மேல் பித்துப் பிடித்தது. முறையாகப் பயிற்சி பெற்றுத் தேர்வும் எழுதினான். பிறகு ஒரு படகை விலைக்கு வாங்கினான். வெஸ்டர்லி சென்டார் என்னும் வகை. 26 அடி நீளம். 1969 இல் அறிமுகமாகி, 1980 வரை 2,000க்கும் மேல் கட்டப்பட்ட கண்ணாடியிழைப் படகு. இவன் வாங்கியது 1976 இல் கட்டப்பட்டது. அதன் அடியில் ஒன்றுக்கு இரண்டாகக் கீல்கள் உண்டு. கடல் வற்றி நீர் இறங்கினால், படகு சாயாமல் சேற்றின்மேல் நிமிர்ந்து உட்கார்ந்துகொள்ளும். பூல் துறைமுகமோ பரப்பில் மிகப் பெரியது. ஆழத்தில் மிகக் குறைந்தது. ஆகவே படகும் இடமும் ஒன்றுக்கொன்று பொருத்தம்தான்.

சிக்கல் அவனுடைய அடுத்த திட்டத்தில் இருந்தது. 12 வயது மகளை அழைத்துக்கொண்டு ஆங்கிலக் கால்வாயைக் கடந்து பிரான்சின் செர்போர்க் துறைமுகத்துக்குச் செல்ல விரும்பினான். ஏறத்தாழ 60 கடல்மைல். இவ்வகைப் படகு நல்ல காற்றில் மணிக்கு 5 கடல்மைல் ஓடும் என்று கொண்டால் 12 மணி நேரப் பயணம். நடுவில் பெரிய சரக்குக் கப்பல்கள் இரவும் பகலும் போய்வரும் பாதையைக் குறுக்கே கடக்க வேண்டும். தம்பி மனைவி ஒரே சொல்லில் மறுத்துவிட்டார். “இந்தப் படகில் வேலை செய்கிற கருவி ஒன்றுகூட இல்லை. இதில் என் பிள்ளையை அனுப்ப மாட்டேன்.” நானும் பெரியக்காவும் அவன் வீட்டுக்குச் சென்று இறங்கியபோது இந்த வழக்கு முற்றியிருந்தது.

அவர் சொன்னதில் மிகை அதிகமில்லை. ஆழம் காட்டும் கருவி பழைய சுழல்விளக்கு வகை. வட்டத்தட்டின் ஓரத்தில் எண்கள் இருக்கும். உள்ளே சுழலும் சிறு விளக்கு எந்த எண்ணருகே மின்னுகிறதோ அதுவே ஆழம். அந்த விளக்கு அணைந்து ஆண்டுகள் ஆகியிருந்தன. வேகம் காட்டுவதற்காகப் படகின் அடியில் பொருத்திய சிறு சக்கரம், பாசியும் சிப்பியும் பற்றிச் சுழலாமல் நின்றிருந்தது. பாய்மரத்தின் உச்சியிலிருந்த காற்றுமானியின் கம்பி எங்கோ அறுந்திருந்தது. டெக்கா என்னும் இடங்காட்டிப் பெட்டியும் ஒன்று இருந்தது. கரையிலுள்ள வானொலி நிலையங்களின் அலைகளை ஒப்பிட்டு இடத்தைக் கணிக்கும் முறை அது. 1944 இல் நார்மண்டிப் படையிறக்கத்தின்போது பயன்படுத்தப்பட்டு, பின்னர் மீன்பிடிப் படகுகள் முதல் உல்லாசப் படகுகள் வரை பரவியது. 2000 ஆம் ஆண்டில் பிரிட்டனின் டெக்கா நிலையங்கள் மூடப்பட்டன. பெட்டி பழுதாகவில்லை, அதனோடு பேசிய கரைதான் பேச்சை நிறுத்திவிட்டது. திசைகாட்டி மட்டும் நன்றாக இருந்தது. அதன் எண்ணெயில் ஒரு குமிழி மிதந்ததைத் தவிரக் குறை சொல்ல ஒன்றுமில்லை.

தம்பி ஒரு கடையில் விலைப்பட்டியல் வாங்கி வைத்திருந்தான். ஆழம், வேகம், காற்று, இடம், வரைபடம் அனைத்தையும் ஒரே வடத்தில் இணைத்து, ஒரே திரையில் காட்டும் ஏற்பாடு. கைப்பேசியிலும் அதையே பார்க்கலாம். படம் அழகாக இருந்தது, பயனும் உண்டு. காற்று, வேகம், திசை மூன்றையும் தானே கூட்டிக் கழித்து, உண்மைக் காற்று எங்கிருந்து வீசுகிறது என்று சொல்லிவிடும். கடலில் களைத்திருக்கும் மனிதனுக்கு இது சிறிய உதவி அன்று. விலையோ படகு வாங்கிய தொகையில் பாதிக்கு மேல். பணத்தைக்கூடப் புரட்டிவிடலாம் என்ற நிலையில்தான் அவன் இருந்தான்.

எங்கள் பெரியக்கா கூட்டுறவு வங்கியில் காசாளராக இருந்து ஓய்வு பெற்றவர். கடலைக் கரையிலிருந்து பார்த்ததோடு சரி. தம்பி எல்லாவற்றையும் விளக்கி முடிக்கும்வரை பேசாமல் இருந்துவிட்டுக் கேட்டார்:

“இது தப்பாச் சொல்லிச்சுன்னா உனக்கு எப்படிடா தெரியும்?”

“தப்பாச் சொல்லாதுக்கா.”

“சொல்லாதுன்னு எது சொல்லுது? அந்தப் பெட்டிதானே?”

வங்கியில் பணத்தை எண்ணியவரே அதைச் சரிபார்க்கக் கூடாது என்பது விதி. இரண்டாவது ஆள் தனியாக எண்ண வேண்டும். முதலாமவர் எழுதிய தொகையைப் பார்க்காமல் எண்ண வேண்டும். அக்காவின் கேள்வி அந்தப் பழக்கத்திலிருந்து வந்தது. எமக்கோ ஏட்டுச்சுவடிகள் நினைவுக்கு வந்தன. 1887 இல் உ.வே.சாமிநாதையர் சீவக சிந்தாமணியைப் பதிப்பித்தபோது பல ஊர்களிலிருந்து சுவடிகளைத் தேடிச் சேர்த்து ஒப்புநோக்கினார். அந்த உழைப்பின் பயன் சுவடிகளின் எண்ணிக்கையில் மட்டும் இல்லை. ஒரே மூல ஏட்டைப் பார்த்து எழுதிய பத்துப் படிகள் கிடைத்தாலும் பாடத்துக்குச் சான்று ஒன்றுதான். மூலத்தில் பிழை இருந்தால் பத்தும் ஒருமித்து அதே பிழையைச் சொல்லும். வெவ்வேறு வழியில் வந்த இரண்டு ஏடுகள் ஒத்துப்போனால் அதற்கு மதிப்பு அதிகம். அவை முரண்பட்டாலும் நன்மையே; எங்கே ஐயுற வேண்டும் என்பது தெரிந்துவிடுகிறது.

தம்பி காட்டிய ஏற்பாட்டில் திரையும் கைப்பேசியும் ஒரே செயற்கைக்கோள் அலைகளைக் கேட்டு ஒரே இடத்தைக் காட்டுபவை. இரண்டு திரைகள், ஒரு மூல ஏடு. அந்த மூலம் பிழைபடுவது கற்பனையும் அன்று. 2017 ஜூன் மாதம் கருங்கடலில் சென்றுகொண்டிருந்த பல கப்பல்களின் ஜிபிஎஸ் கருவிகள், அக்கப்பல்கள் கெலெஞ்சிக் விமான நிலையத்தில் நிற்பதாகக் காட்டின. பொய்யான அலைகளை யாரோ பரப்பியதே காரணம் என்று கருதப்படுகிறது. கப்பல் தரையில் நிற்பதாகக் காட்டினால் சிரித்துவிட்டு ஒதுக்கலாம். இரண்டு மைல் தள்ளிக் காட்டினால் எப்படித் தெரியும்?

இதற்குப் பிறகு ஆலோசனை வேறு வழியில் நடந்தது. எது அதிகம் சொல்கிறது என்று பார்ப்பதை விட்டுவிட்டு, ஒவ்வொரு கருவியும் எப்படிக் கெடும், கெட்டால் நமக்குத் தெரியுமா, அது கெடும்போது வேறு எதையேனும் தன்னோடு இழுத்துச் செல்லுமா என்று கேட்கத் தொடங்கினோம். மின்கலத்தை அணைத்துவிட்டால் படகில் எவை உயிரோடு இருக்கும் என்பதையும் ஒரு தாளில் எழுதினோம். முடிவில் ஐந்து கருவிகள் தேறின.

முதலாவது ஆழமானி. பூல் போன்ற இடத்தில் இதுவே அன்றாடம் வேண்டுவது. இதன் செயல் எளியது. படகிலிருந்து ஒலித்துடிப்பு கீழே போய்த் தரையில் பட்டுத் திரும்புகிறது. கடல்நீரில் ஒலி நொடிக்கு ஏறத்தாழ 1,500 மீட்டர் செல்லும். 10 மீட்டர் ஆழத்துக்குப் போய்வரும் தொலைவு 20 மீட்டர். அதற்காகும் காலம் நொடியில் 75இல் ஒரு பங்கு. கருவி அதை அளந்து பாதியாக்கிச் சொல்கிறது. ஓர் எண்ணை மட்டும் பெரிதாகக் காட்டும், வேறெதனோடும் இணையாத, மலிவான ஒன்றைத் தேர்ந்தெடுத்தோம். அதற்கெனத் தனி மின்காப்புக் கம்பி. இது எரிந்தால் இது மட்டும் எரியும்.

ஒலியை அனுப்பும் உறுப்புக்காகப் படகின் அடியில் புதிதாகத் துளையிட வேண்டுமே என்று தம்பி தயங்கினான். அதற்குப் பழைய வழி ஒன்று உண்டு. நடுவே தக்கையோ நுரையோ வைக்காத கெட்டியான கண்ணாடியிழை ஊடே ஒலி செல்லும். காற்று ஊடே செல்வதுதான் கடினம். ஆகவே படகின் உட்புறத்தில் ஒரு சிறு குழாயை ஒட்டி, அதில் எண்ணெய் நிரப்பி, அந்த எண்ணெயில் உறுப்பை அமிழ்த்தி வைப்பர். அதற்கு ஏற்ற எண்ணெய் எதுவென்று கேட்டபோது தம்பி சொன்ன பெயரைக் கேட்டு அக்கா சிரித்துவிட்டார். நம் வீட்டு விளக்கெண்ணெய்தான். சிறு வயதில் அவனுக்கு அதைக் குடிப்பாட்ட மூன்று பேர் பிடித்துக்கொள்ள வேண்டியிருந்ததை அவர் மகளிடம் சொல்லிக் காட்டினார்.

ஆழமானி காட்டும் எண் எங்கிருந்து அளந்த எண் என்பதையும் அறிந்திருக்க வேண்டும். இந்தப் படகின் கீல்கள் நீர்மட்டத்திலிருந்து 0.9 மீட்டர் கீழே இறங்கியிருக்கின்றன. ஒலியுறுப்போ 0.3 மீட்டர் கீழே. கருவி 1.5 என்று காட்டினால் கீலுக்கு அடியில் இருப்பது 0.9 மீட்டர் நீர்தான். இதைச் சரிபார்க்க ஓர் ஈயக்குண்டும் கயிறும் வாங்கினோம். மீட்டருக்கு ஒரு முடிச்சு வீதம் அக்காவும் மருமகளும் போட்டார்கள். நம் கடற்கரை மீனவர் இருகை விரித்த நீளத்தைப் பாகம் என்று சொல்லி அதனால் கடலாழத்தைக் கூறுவர்; ஆங்கிலேய மாலுமியின் பழைய அளவும் அதே விரிந்த கைகள்தாம். குண்டின் அடிக்குழியில் கொழுப்பைப் பூசி இறக்கினால் தரையில் மணலா சேறா என்பதும் ஒட்டிக்கொண்டு மேலே வரும். மின்கருவி காட்டாத செய்தி இது. குண்டையும் ஆழமானியையும் தனித்தனிக் கருவியாக எண்ணாமல் ஒன்றாகவே கணக்கிட்டோம்.

இரண்டாவது, முன்பே இருந்த திசைகாட்டி. புதியது வாங்க வேண்டியதில்லை என்று தெளிந்ததே பெரிய இலாபம். குமிழியை நீக்கி எண்ணெய் நிரப்பக் கொடுத்தான். பிறகு படகை எட்டுத் திசைகளிலும் திருப்பி, வரைபடத்தில் உள்ள குறிகளோடு ஒப்பிட்டு, படகின் இரும்பினால் ஏற்படும் பிழையை ஓர் அட்டையில் எழுதினான். காந்த வடக்குக்கும் உண்மை வடக்குக்கும் உள்ள வேறுபாட்டைச் சேர்க்க வேண்டிய தொல்லை அப்போது அங்கே இல்லை. 2022 நவம்பரில் உண்மை வடக்கு, காந்த வடக்கு, வரைபட வடக்கு மூன்றும் பிரிட்டன் நிலத்தில் முதன்முதலாக ஒரே கோட்டில் வந்து சேர்ந்தன. சேர்ந்த இடம் பூலுக்குத் தெற்கே பக்கத்திலேயே உள்ள லாங்டன் மாட்ராவர்ஸ் என்னும் சிற்றூர். காந்த வடக்கு நகர்ந்துகொண்டே இருப்பதால் இந்த ஒற்றுமையும் நிலையானதன்று.

திசையில் ஒரு பாகை பிழைத்தால் 60 மைலில் ஒரு மைல் விலகுவோம் என்பது மாலுமிகளின் வாய்ப்பாடு. செர்போர்க் சரியாக அந்தத் தொலைவில் இருப்பதால் கணக்கு எளிதாயிற்று: எத்தனை பாகை பிழையோ அத்தனை மைல் விலகல்.

மூன்றாவது வேகமானி. நின்றுபோன சக்கரத்தைக் கழற்றித் துடைத்தபோது அது மீண்டும் சுழன்றது; அதுவே போதும் என்று விட்டோம். அது மறுபடி நின்றால், ஓடும் படகின் முன்முனையருகே ஒரு மரத்துண்டைப் போட்டு அது பின்முனையைக் கடக்கும் நேரத்தை எண்ணலாம். 26 அடியை 3 நொடியில் கடந்தால் வேகம் மணிக்கு 5 கடல்மைல் அளவு. கயிற்றில் கட்டிப் பின்னால் இழுத்துச் செல்லும் சுழலியால் தொலைவை அளப்பது இன்னொரு பழைய முறை. கோல்டன் குளோப் உலகச்சுற்றுப் போட்டியில் ஜிபிஎஸ் கொண்டு வழி காண்பதற்குத் தடை உண்டு. கோணமானியும் கடிகாரமும் காகித வரைபடமும் இத்தகைய சுழலியுமே துணை. 2023 ஏப்ரலில் நம் நாட்டின் அபிலாஷ் டோமி அதில் இரண்டாவதாக வந்தார். உலகைச் சுற்றப் போதுமானவை ஒரு கால்வாயைக் கடக்கவும் போதும் என்று தம்பிக்குத் தெம்பு பிறந்தது.

நான்காவது, உச்சியில் தானே திரும்பும் எளிய காற்றுகாட்டி. கம்பியில்லை, எண்ணில்லை. ஐந்தாவது, கையில் பிடிக்கும் ஜிபிஎஸ். கடையில் கிடைக்கும் சாதாரண மின்கலங்களில் ஓடுவது. அதைப் படகின் எந்த வடத்தோடும் இணைக்கவில்லை. இவற்றோடு காகித வரைபடமும் ஒரு குறிப்பேடும். அவசர அழைப்புக்கும், சூழ்ந்துள்ள கப்பல்களின் பெயரையும் போக்கையும் அறிவதற்கும் தனியே ஒரு வானொலிக் கருவி வாங்கினான். சிக்கனம் அந்த இடத்தில் கூடாது என்று தம்பி மனைவி உறுதியாக நின்றார். அதையும் சேர்த்து, கடைக்காரர் கேட்டதில் பாதிகூட ஆகவில்லை.

கருவிகளோடு ஒரு விதியும் எழுதப்பட்டது. மணிக்கு ஒருமுறை, திசைகாட்டியும் வேகமானியும் நீரோட்ட அட்டவணையும் கொண்டு படகின் இடத்தைக் கணித்து வரைபடத்தில் புள்ளி வைக்க வேண்டும். அதை வைத்து முடித்த பிறகே ஜிபிஎஸ்ஸைப் பார்க்க வேண்டும். இரண்டும் முரண்பட்டு, முரணுக்குக் காரணம் தெரியாவிட்டால், கரை கண்ணில் இருக்கும்போதே திரும்பிவிட வேண்டும். முதல் பாதி அக்காவின் வங்கி விதி. இரண்டாம் பாதி தம்பி மனைவியுடையது.

நாங்கள் ஊர் திரும்பிய பின், ஜூலையில் அவர்கள் புறப்பட்டார்கள். தம்பி தொலைபேசியில் சொன்னது இது. விடியற்காலையில் கிளம்பி, நல்ல காற்றில் தெற்கு நோக்கி ஓடியிருக்கிறார்கள். புள்ளி வைக்கும் வேலை மகளுடையது. முதல் மணியிலேயே அவளுடைய புள்ளிக்கும் ஜிபிஎஸ்ஸுக்கும் மைலுக்குச் சற்று மேல் இடைவெளி. தொடக்கம்தானே என்று விட்டார்கள். இரண்டாம் மணியில் அது இரண்டரை மைலாக வளர்ந்தது. நீரோட்டத்தைத் தப்பாகக் கணித்துவிட்டோமோ என்று பார்த்தால், அவ்வேளையில் நீர் கிழக்கு நோக்கி ஓடிக்கொண்டிருந்தது. ஜிபிஎஸ்ஸோ படகை மேற்கே காட்டியது. மகள் கணக்கைத் திரும்பப் போட்டாள். தவறில்லை. பின்னால் ஆன்வில் முனை இன்னும் தெரிந்தது. தம்பிக்குத் தொடர ஆசை. ஜிபிஎஸ் சரியாகத்தான் இருக்கும் என்று உள்மனம் சொன்னதாம். ஆனால் எது சரியென்று அப்போது அவனுக்குத் தெரியாது என்பதே உண்மை. படகைத் திருப்பினான்.

மனம் சோர்ந்த மகள், பாட்டுக் கேட்கலாம் என்று தன்னுடைய சிறிய ஒலிபெருக்கியைக் கையில் எடுத்திருக்கிறாள். அது அதுவரை திசைகாட்டிக்குப் பக்கத்துப் பள்ளத்தில், நனையாமல் இருக்கட்டும் என்று அவளே வைத்தது. அவள் அதை எடுத்ததும் திசைகாட்டியின் தட்டு மெல்லத் திரும்பி வேறோர் எண்ணில் நின்றது. திரும்ப வைத்தால் பழைய எண். வேறுபாடு ஏறத்தாழ 15 பாகை. ஒலிபெருக்கிக்குள் இருக்கும் காந்தம்தான் காரணம்.

15 பாகை என்றால் வாய்ப்பாட்டின்படி 60 மைலில் 15 மைல். செர்போர்க்கிலிருந்து அவ்வளவு மேற்கே விலகினால் லா ஹேக் முனை. ஆல்டர்னி தீவுக்கும் அதற்கும் இடையே ஐரோப்பாவின் கடுமையான நீரோட்டங்களுள் ஒன்று ஓடுகிறது. ஜிபிஎஸ் கையில் இருந்ததால் அங்கே போய்ச் சேர்ந்திருக்க மாட்டார்கள்தாம். ஆனால் ஜிபிஎஸ் நின்றுபோய்த் திசைகாட்டி ஒன்றே துணை என்று ஆகியிருந்தால், நம்பக்கூடாத ஒன்றை முழு நம்பிக்கையோடு பின்பற்றியிருப்பார்கள்.

அன்று மாலை அவர்கள் துறைமுகத்துக்குத் திரும்பியபோது தம்பி மனைவி கரையில் நின்றிருந்தார். நடந்ததைக் கேட்டார். இனிமேல் இந்தப் பேச்சே கூடாது என்று சொல்லிவிடுவாள் என்று எதிர்பார்த்ததாகத் தம்பி சொன்னான். அவர் மகளின் குறிப்பேட்டை வாங்கி, இரண்டு மணிக்கான வரிகளையும் படித்துப் பார்த்துவிட்டு, அடுத்த முறை காற்று எப்போது ஒத்துவரும் என்று மட்டும் கேட்டாராம். இரண்டு வாரம் கழித்து அவர்கள் செர்போர்க் சென்று திரும்பினார்கள்.

குறிப்பேட்டின் பக்கங்களை மருமகள் படமெடுத்து எங்களுக்கு அனுப்பியிருந்தாள். மணிக்கு ஒரு வரி: திசை, வேகம், காற்று, தன் புள்ளி, அதன் பிறகு ஜிபிஎஸ். இரண்டுக்கும் இடையே வேறுபாடு எல்லா வரிகளிலும் உண்டு. அரை மைல், முக்கால் மைல். ஒவ்வொன்றுக்கும் பக்கத்தில் காரணத்தைத் தமிழும் ஆங்கிலமும் கலந்து எழுதியிருக்கிறாள்: நீரோட்டம், காற்றுத் தள்ளல், ‘அப்பா சரியாகச் சுக்கான் பிடிக்கவில்லை’. அக்கா அந்தப் படத்தை நெடுநேரம் பார்த்துவிட்டு, கூட்டலில் ஓரிடம் பிசகியிருக்கிறது என்று சொல்லச் சொன்னார்.